மயிலுக்குப் போர்வையா?

கடையெழு வள்ளல்களைப் பற்றிப் படிக்காத மாணவி நம்மில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். இருவரையும் ஒரே மூச்சில் போற்றிப் பழகிவிட்டோம். சற்று நின்று எண்ணிப் பார்த்தால், அவ்விரு கொடைகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருப்பது புலனாகும். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேர் உண்மையிலேயே உதவியது. மயிலுக்கோ போர்வையால் ஒரு பயனும் இல்லை. அது குளிரால் நடுங்கவில்லை, மகிழ்ச்சியால் ஆடிற்று. மனிதர்க்குக் குளிர்வது போல மயிலுக்கும் குளிரும் என்று மன்னன் எண்ணிக்கொண்டான். அவன் உள்ளம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவன் கொடுத்தது மயிலுக்கு வேண்டிய பொருள் அன்று.

இன்று செல்லப்பிராணி வளர்க்கும் நம்மில் பலர் பேகனைப் போலத்தான் இருக்கிறோம். நாய்க்குட்டிக்குச் சட்டை தைத்துப் போடுகிறோம். கிளிக்குப் பளபளப்பான கூண்டு வாங்குகிறோம். நமக்கு அழகாகத் தோன்றுவதெல்லாம் அவற்றுக்கும் இனிமையாக இருக்கும் என்று நம்புகிறோம். இது சரியா? ஓர் உயிரை வளர்க்க அன்பு மட்டும் போதுமா, அதன் இயல்பைப் பற்றிய அறிவும் வேண்டுமா? ஜெர்பில் என்னும் சின்னஞ்சிறு பிராணியை எடுத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

பாலைவெளியின் பிள்ளை

ஜெர்பில் எலியைப் போன்ற ஒரு கொறிக்கும் பிராணி. உடல் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம். வாலும் கிட்டத்தட்ட அதே அளவு. வீட்டு எலியின் வால் வழுவழுப்பாக இருக்கும்; இதன் வாலிலோ மயிர் அடர்ந்து, நுனியில் சிறு குஞ்சம் போல் முடியும். கண்கள் கருமணிகளைப் போல் பெரியவை. பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களை மார்போடு சேர்த்து, சுற்றுமுற்றும் பார்க்கும் அழகைக் கண்டால் எவர்க்கும் ஆசை பிறக்கும்.

இதில் பல வகைகள் உண்டு. நம் வயல்வரப்புகளில் வளை தோண்டி வாழும் வெள்ளெலியும் ஜெர்பில் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் மேலைநாட்டு வீடுகளில் செல்லமாக வளர்ப்பது மங்கோலிய ஜெர்பில் என்னும் வகையை. மங்கோலியாவிலும் வடசீனாவிலும் உள்ள வறண்ட புல்வெளிகளும் மணல்வெளிகளுமே அதன் தாயகம். அங்குக் கோடையில் வெயில் கொளுத்தும். குளிர்காலத்தில் நீர் உறையும் அளவுக்கும் கீழே வெகுதூரம் வெப்பம் இறங்கிவிடும்.

இப்பிராணியை ஐரோப்பிய அறிஞர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. பிரான்சு நாட்டில் பிறந்து சீனாவில் மறைப்பணி ஆற்றிய அருட்தந்தை அர்மான் டேவிட், இயற்கை ஆராய்ச்சியிலும் வல்லவர். அவர் 1866-ஆம் ஆண்டு பயணத்தில் கண்ட இப்பிராணிகளைப் பாரிசு நகரின் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்தார். மறு ஆண்டு மில்னே எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பின்னர் 1869-இல் பாண்டாக் கரடியை மேலைநாட்டார்க்கு அறிவித்தவரும் இதே டேவிட் அடிகளார்தான்.

1935-இல் ஜப்பானியர் சிலர் இவற்றுள் 20 இணைகளைப் பிடித்துச் சென்று ஆராய்ச்சிக்காக வளர்த்தனர். அவற்றின் வழிவந்த 11 இணைகள் 1954-இல் அமெரிக்காவுக்குச் சென்றன. 1964-இல் இங்கிலாந்தை அடைந்தன. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவை மெல்ல மெல்ல வீடுகளுக்குள்ளும் வந்தன. மேலைநாட்டுக் குழந்தைகள் இன்று கையில் வைத்துக் கொஞ்சும் ஜெர்பில்கள் பெரும்பாலும் இச்சிறு கூட்டத்தின் வாரிசுகளே.

அவற்றுள் எதுவும் மங்கோலியப் புல்வெளியைக் கண்டதில்லை. அவற்றின் தாயும் பாட்டியும் கண்டதில்லை. ஆனாலும் கூண்டில் விட்டவுடன் அவை என்ன செய்கின்றன தெரியுமா? தோண்டத் தொடங்குகின்றன! எத்தனை தலைமுறை கூண்டில் கழிந்தாலும் குருதியில் ஊறிய இயல்பு மாறுவதில்லை. இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

வேண்டியது ஒரு வீடு

கண்ணாடித் தொட்டியின் மூலையில் ஜெர்பில் இடைவிடாமல் பிறாண்டிக்கொண்டே இருப்பதைக் காண்பவர், "விளையாடுகிறது பார்!" என்று சிரிக்கக்கூடும். அது விளையாட்டன்று. வெளிவர வழியில்லாத ஒரு தவிப்பே அப்படி ஓயாத பழக்கமாகிவிடுகிறது.

அதன் காரணத்தை ஆராய்ந்தவர் கிறிஸ்டோஃப் வீடன்மயர் என்னும் அறிஞர். அவரது ஆய்வு 1997-இல் வெளிவந்தது. தோண்டுவதற்கு மண் இல்லாததால்தான் ஜெர்பில் மூலையைப் பிறாண்டுகிறது என்றுதான் நாமும் நினைப்போம். ஆகவே அவர் சில குட்டிகளுக்கு உலர்ந்த மணலைக் கொடுத்துப் பார்த்தார். மணல் இருந்தும் அப்பழக்கம் வந்தது. வேறு சில குட்டிகளுக்கு மணல் கொடுக்காமல், சிறு சுரங்கப் பாதை வழியாக நுழையும் இருண்ட அறை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். என்ன வியப்பு! அவற்றிடம் அப்பழக்கம் தோன்றவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஜெர்பிலுக்கு வேண்டியது தோண்டும் வேலை அன்று. தோண்டி முடித்தபின் கிடைக்கும் வீடு. பகை வந்தால் ஓடி ஒளியவும், குட்டிகளோடு கண்மூடி உறங்கவும் ஓர் இருண்ட இடம். உலர்ந்த மணல் எவ்வளவு தோண்டினாலும் சரிந்து விழும், வளையாக நிற்காது. வீடு கிடைக்கும் வரையில் அது தோண்டிக்கொண்டேதான் இருக்கும். மனிதரும் அப்படித்தானே? குடியிருக்கக் கூரை இல்லாதவரிடம் மண்வெட்டியை மட்டும் கொடுத்துவிட்டு, உதவி செய்துவிட்டோம் என்று நாம் திரும்பி வந்துவிட முடியுமா?

ஆகவே ஜெர்பில் வளர்ப்போர் கம்பிக் கூண்டைத் தவிர்த்துப் பெரிய கண்ணாடித் தொட்டியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காற்று நன்கு புகும்படி மேலே கம்பிவலை மூடி அமைக்க வேண்டும். உள்ளே காகிதத் துணுக்குகளும் வைக்கோலும் கலந்து, குறைந்தது 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி நிரப்ப வேண்டும். அப்போதுதான் தோண்டிய வளை இடியாமல் நிற்கும். மரத்தால் ஆன சிறு வீடு ஒன்றும், அட்டைக் குழல்கள் சிலவும் போட வேண்டும். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன; கடித்துத் தேய்த்தாக வேண்டும். அட்டையையும் மரத்தையும் கடிப்பதால் தீங்கில்லை. பிளாஸ்டிக்கைக் கடித்து விழுங்கினால் தீங்கு.

உடலைத் தூய்மை செய்துகொள்ள இதற்கு நீர் வேண்டாம். ஒரு கிண்ணத்தில் மெல்லிய உலர்ந்த மணலை வைத்தால் அதில் புரண்டு மணல் குளியல் செய்துகொள்ளும்! தானியங்களும் விதைகளும் இதன் உணவு. சூரியகாந்தி விதை என்றால் உயிரையே விடும். ஆனால் அதில் கொழுப்பு மிகுதி. நாம் மிட்டாய் தின்பது போல எப்போதாவது ஒன்றிரண்டு கொடுப்பதே நல்லது. பாலைவெளிப் பிராணிதானே என்று தண்ணீர் வைக்காமல் விடுவதும் தவறு. வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பகைவர் பற்றினால் தப்பி ஓடுவதற்காக வால்தோல் கழன்றுவிடும்படி இயற்கை அமைத்திருக்கிறது. ஒருமுறை கழன்ற தோல் மீண்டும் வளர்வதில்லை.

ஒன்றா, இரண்டா?

எல்லாவற்றினும் முக்கியமானது இனிமேல் நாம் சொல்லப்போவது. ஜெர்பில் குடும்பமாக வாழும் பிராணி. தாய், தந்தை, அண்ணன், அக்காள், தம்பி, தங்கை என்று ஒரே வளையில் கூடி வாழும். தந்தையும் குட்டிகளைப் பேணும். முன்பிறந்த குட்டிகள் பின்பிறந்தவற்றைப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து விதைகளைக் குளிர்காலத்துக்காகச் சேமிக்கும். குளிரில் ஒன்றையொன்று அணைத்துக் குவியலாக உறங்கும். ஒன்றின் மயிரை மற்றொன்று கோதிவிடும்.

ஆபத்தைக் கண்ட ஜெர்பில் பின்னங்கால்களால் தரையைத் தட்டி முரசு போல் ஒலி எழுப்பும். அதைக் கேட்ட மற்றவை வளைக்குள் ஓடி ஒளியும். தனியே அடைக்கப்பட்ட ஜெர்பிலும் அச்சம் வரும்போது இப்படியே தட்டும். ஆனால் யாருக்காகத் தட்டுகிறது? கேட்டு ஓட அங்கு யார் இருக்கிறார்கள்?

நம் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியரைக் கேட்டுப் பாருங்கள். வேளைக்கு உணவு உண்டு. படுக்கப் பாய் உண்டு. அன்பான சகோதரியர் உண்டு. ஆனாலும் முதல் வாரத்தில் தலையணை நனையாத தோழி யார்? அடுத்த பாயில் படுத்திருப்பவள், "உன் ஊர் எது?" என்று கேட்ட பிறகுதான் உறக்கம் வந்தது என்பார்கள். நமக்குக் கிடைத்த அந்தத் துணையை ஒரு சிற்றுயிருக்கு ஏன் மறுக்க வேண்டும்?

"நாங்கள்தான் அதனோடு விளையாடுகிறோமே, துணை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குப் புறப்படும் நாம், மாலையில் திரும்பி, வீட்டுப்பாடம் எழுதி, உண்டு, உறங்கிவிடுகிறோம். இடையில் நாம் தருவது அரைமணி நேரம். எஞ்சிய இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கு அது யாரோடு பேசும்? மேலும், நம் கை எவ்வளவு அன்பானதாயினும் அது ஜெர்பிலின் மொழி பேசாது.

"இரண்டு வாங்கினால் நூறு ஆகிவிடும்" என்பது மற்றொரு தடை. ஒரே தாயின் ஈற்றில் ஒன்றாகப் பிறந்த இரண்டு ஆண் குட்டிகளையோ இரண்டு பெண் குட்டிகளையோ வளர்த்தால் பெருகும் என்ற கவலை இல்லை. சிறு வயது முதல் கூடி வளர்ந்தவை பெரும்பாலும் ஒற்றுமையாகவே வாழும்.

ஆனால் துணை என்றால் எதையேனும் பிடித்துப் போட்டுவிடலாம் என்பதும் அறியாமையே. ஜெர்பில் தன் குடும்பத்தை வாசனையால் அறிகிறது. அன்னிய வாசனையோடு வரும் பெரிய ஜெர்பிலைப் பகையாக எண்ணி, சாகும் வரை சண்டையிடவும் கூடும். இணையில் ஒன்று இறந்து, புதிய துணை சேர்க்க நேர்ந்தால், தொட்டியின் நடுவே கம்பிவலை வைத்து ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் ஒன்றுமாக விட வேண்டும். நாள்தோறும் சிலமுறை அவற்றை இடம் மாற்ற வேண்டும். ஒன்றின் வாசனை மற்றொன்றுக்குப் பழகிய பின்னரே கண்காணிப்போடு சேர்த்து விட வேண்டும். இதற்குப் பல நாள் பொறுமை தேவை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெர்பிலைப் போலவே தோன்றும் ஹாம்ஸ்டர் என்னும் பிராணியும் கடைகளில் விற்கப்படுகிறது. அவற்றுள் சிரிய ஹாம்ஸ்டர் தனிமையை விரும்புவது. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஒன்றுக்குத் தனிமை துன்பம். மற்றொன்றுக்குத் துணை துன்பம்! பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். வேறுபாட்டைச் சொல்வது அறிவு ஒன்றே. அறிவில்லாத அன்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டமும் நாமும்

சில நாடுகள் இதைச் சட்டமாகவே ஆக்கியுள்ளன. சுவிட்சர்லாந்தில் 2008-இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, கூடி வாழும் இயல்புடைய விலங்குகளுக்கு அவற்றின் இனத் துணை கிடைக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலோ ஜெர்பில் வளர்க்கவே தடை உண்டு. தப்பி ஓடினால் அங்குள்ள வறண்ட நிலத்தில் பெருகிப் பயிருக்கும் பிற உயிர்களுக்கும் கேடு செய்யும் என்பது அவர்கள் அச்சம்.

நம் நாட்டிலும் விலங்குவதைத் தடைச் சட்டம் 1960-ஆம் ஆண்டு முதல் உள்ளது. நடமாடப் போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டில் ஓர் உயிரை அடைத்து வைப்பது அச்சட்டப்படி குற்றம். இது நல்லதே. ஆனால் அளவுகோலால் கூண்டை அளக்கலாம். கூண்டுக்குள் இருக்கும் தனிமையை அளக்க முடியுமா? அதை வளர்ப்பவர் உள்ளம்தான் அளக்க வேண்டும்.

வாங்குமுன் சில கேள்விகள்

பொதுத்தேர்வு முடிந்ததும் பரிசாக ஒரு செல்லப்பிராணி வேண்டும் என்று வீட்டில் கேட்பவர் நம் வகுப்பிலேயே பலர். கேட்குமுன் நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம்.

ஜெர்பில் மூன்று நான்கு ஆண்டுகள் வாழும். இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் நாம், அதன் முதுமையில் எந்தக் கல்லூரியில், எந்த ஊரில் இருப்போமோ! அப்போது தொட்டியைச் சுத்தம் செய்வது யார்? ஏற்கெனவே ஓயாது உழைக்கும் அம்மாவின் தலையில் அப்பொறுப்பையும் சுமத்துவதா? கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால் அதற்குத் தானியம் போடுவது யார்? சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றுபோனால், மூடிய கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடாதா?

நம் தட்பவெப்பத்தையும் எண்ண வேண்டும். ஜெர்பில் உலர்ந்த காற்றுக்குப் பிறந்தது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களிலோ, வியர்வை காயாத அளவுக்குக் காற்றில் ஈரம் இருக்கிறது. ஈரக்காற்றில் அதன் மயிர் எண்ணெய் தடவியது போல் ஒட்டிக்கொள்ளும். அதன் தொட்டிக்காக நாள் முழுதும் குளிர்சாதனம் ஓட்ட எத்தனை வீடுகளால் முடியும்? எனவே, நம் ஊர்களில் பெரும்பாலோர் ஜெர்பில் வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் பெரிய நன்மை என்பது எங்கள் துணிந்த கருத்து. ஆசைப்பட்டதை வாங்காமல் விடுவதும் அன்பின் ஒரு வடிவமே.

அப்படியானால் உயிர்களோடு பழகும் இன்பம் நமக்கு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பள்ளித் தோட்டத்து வேப்பமரத்தில் அணில்கள் இல்லையா? வராந்தா விட்டத்தில் புறாக்கள் இல்லையா? கோடையில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, சற்றுத் தொலைவில் அமைதியாக அமர்ந்தால் போதும். கூண்டு இல்லாமலே அவை நம்மிடம் வரும். வேண்டும்போது தம் குடும்பத்திடம் திரும்பிப் போகும்.

ஏற்கெனவே சிறுபிராணிகளை வளர்த்து வருபவர் வருந்த வேண்டியதில்லை. இன்று மாலையே அதன் கூண்டின் முன் கால்மணி நேரம் அமர்ந்து, தொடாமல், கொஞ்சாமல், அது என்ன செய்கிறது என்று உற்றுப் பாருங்கள். மூலையைப் பிறாண்டுகிறதா? கம்பியைக் கடிக்கிறதா? ஒளிய இடமின்றி ஒடுங்குகிறதா? அது கேட்பது என்னவென்று விளங்கும். கூடி வாழும் இனமா, தனித்து வாழும் இனமா என்பதை நூலகத்தில் தேடிப் படியுங்கள். கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். ஒரு மரப்பெட்டியையும், மடி நிறைய வைக்கோலையும், தேவையானால் ஒரு துணையையும் கொடுங்கள்.

தோழியரே! பேசத் தெரியாத உயிர்கள் மனு எழுதுவதில்லை, மறியல் செய்வதில்லை. அவற்றின் தேவையை அறிந்துகொள்ளும் கடமை முழுவதும் நம்முடையது. நமக்குப் பிடித்ததை அவற்றுக்குக் கொடுக்கும் பழக்கத்தை விட்டொழிப்போம். அவற்றுக்கு வேண்டியதை அறிந்து கொடுப்போம். கொடுக்க இயலாவிடில் கூண்டில் அடைக்காது விடுவோம்!